ஒரே சட்டையில் இரண்டு தலைவர்கள்

தமிழ் நாளிதழ்களில் விளையாட்டுப் பக்கம் தயாரிப்போருக்கு,

மூன்று வார சைக்கிள் பந்தயத்தில் பரிசு ஒருவர் பெயருக்குப் போகிறது; பந்தயம் ஓட்டுவது எட்டுப் பேர் கொண்ட அணி. டூர் டி பிரான்ஸ், இத்தாலியின் ஜீரோ, ஸ்பெயினின் வுயெல்டா மூன்றும் 21 கட்டங்களாக நடப்பவை. டூரில் மட்டும் தூரம் ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர். ஒவ்வொரு நாளும் வீரர் எடுத்துக்கொண்ட நேரம் கூட்டப்படுகிறது. கூட்டுத்தொகை குறைவாக உள்ளவர் முதல்வர். அன்றன்றைய வெற்றிக்கும் இந்தக் கணக்குக்கும் பெரிய தொடர்பு தேவையில்லை. 1990இல் கிரெக் லெமாண்டும் 2017இல் கிறிஸ் ஃப்ரூமும் ஒரு கட்டத்தில்கூட முதலில் வராமலே டூரை வென்றார்கள். அன்றைய கட்டத்தை வென்றவர் பெயரை மட்டும் தலைப்பில் போடும் செய்தி பந்தயத்தின் பாதியைத்தான் சொல்கிறது. பல நாள்களில் அது முக்கியமில்லாத பாதி.

எல்லாத் தந்திரங்களுக்கும் அடிப்படை காற்று. சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகும் வீரரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதிலேயே கரைகிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டுகிறவருக்கு அந்தச் சுமை வெகுவாகக் குறைகிறது. நூற்றைம்பது பேர் நெருங்கி ஓட்டும் பெருங்கூட்டத்தின் நடுவில் இருப்பவருக்கு இன்னும் குறைவு. ஆகவே தனியாக முன்னேறும் பலசாலியை, முறைவைத்து முன்னால் வந்து காற்றை வாங்கிக்கொள்ளும் நான்கு சராசரி வீரர்கள் துரத்திப் பிடித்துவிட முடியும். பலசாலி ஏன் முதல் நாளே எல்லோரையும் விட்டுவிட்டுப் போய்விடுவதில்லை என்று புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விக்கு இதுதான் விடை. இடைவெளியின்றி ஒரே கூட்டமாக வந்து சேர்பவர்கள் அனைவருக்கும் ஒரே நேரம் என்ற விதியும் சேர்ந்துகொள்வதால், சமதள நாள்களில் முன்னணி வீரர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் நேரம் பறிப்பது அரிது. மலைகளிலும், தனிநபர் நேரப் பந்தயத்திலும், எதிர்பாராத காற்றிலும்தான் நிமிடங்கள் கைமாறுகின்றன.

அணித்தலைவரின் உடல்வலுவை அந்த இடங்களுக்காகச் சேமித்து வைப்பதே மற்ற ஏழு பேரின் வேலை. அவர்கள் நாள் முழுதும் தலைவருக்கு முன்னால் ஓட்டிக் காற்றை மறைக்கிறார்கள். பின்னால் வரும் அணிக் காருக்குப் போய்த் தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். தலைவரின் சக்கரம் பஞ்சரானால் தங்கள் சக்கரத்தைக் கழற்றித் தருகிறார்கள். அவர் பின்தங்கினால் காத்திருந்து கூட்டத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். மலையடிவாரம் வரை இழுத்துவிட்டு, அன்றைய கடமை தீர்ந்தவர்களாக அரைமணி நேரம் பிந்தி எல்லைக்கோட்டைத் தாண்டுகிறவர்களும் உண்டு. நேரப் பட்டியலில் நூறாவது இடத்தில் இருக்கும் பெயர் அணியின் பார்வையில் அந்த வாரத்தின் சிறந்த வீரராக இருக்கலாம்.

இந்தக் கூட்டுழைப்பை டூரின் நிறுவனர் ஹென்றி தெக்ராஞ் வெறுத்தார் என்பது வேடிக்கை. தனிமனிதன் தன் பலத்தால் மட்டுமே வெல்லும் பந்தயத்தையே அவர் 1903இல் தொடங்கியதாக நினைத்தார். 1911இல் மொரீஸ் புரோக்கோ என்ற வீரர், தன் வாய்ப்பு கைநழுவிய பின் பிரான்சுவா ஃபாபேருக்குத் துணையாக ஓட்டியபோது, தெக்ராஞ் தம் பத்திரிகையில் அவரை வேலைக்காரன் என்று ஏசினார். புரோக்கோ அடுத்த கட்டத்தைப் பெரிய இடைவெளியில் வென்று பதில் சொன்னார். அவ்வளவு பலம் இருந்தும் முந்தைய நாள் மறைத்துவைத்தார் என்பதே குற்றமாகி, அவர் பந்தயத்திலிருந்து நீக்கப்பட்டார். காலம் தெக்ராஞ்சின் பக்கம் நிற்கவில்லை. 1930இல் அவரே தேசிய அணிகளைக் கொண்டுவந்தார். நான்கு ஆண்டுகளில் இருபது வயது ரெனே வியெத்தோ அணிக்காகத் தியாகம் செய்தவராகப் பிரான்ஸ் முழுவதும் புகழ்பெற்றார். 1934 டூரில் பைரனீஸ் மலையில் அவர் முதல் நாள் தன் சக்கரத்தைத் தலைவர் அந்தோனன் மாஞ்சுக்குக் கொடுத்தார். மறுநாள் தான் முன்னால் போய்க்கொண்டிருந்தும், திரும்பி மேலேறி வந்து தன் சைக்கிளையே கொடுத்தார். மாஞ் அந்த டூரை வென்றார். வியெத்தோவுக்கு ஐந்தாம் இடம். அவர் வாழ்நாளில் டூரை வெல்லவே இல்லை.

சமதள நாளின் நாடகம் வேறு வகை. தொடக்கத்தில் நான்கைந்து பேர் முந்திச் செல்கிறார்கள், பெருங்கூட்டம் விட்டுவிடுகிறது. அவர்களை எப்போது, யார் துரத்துவது என்பதில்தான் நாள் முழுதும் பேரம். மொத்த நேரத்தில் முதலில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியை வைத்திருக்கும் அணிக்குப் பொறுப்பு அதிகம். ஆனால் முந்திச் சென்றவர்களால் தன் தலைவருக்கு ஆபத்தில்லை என்றால் அந்த அணி வேகத்தைக் கூட்டாது. அப்போது கடைசி நொடி ஓட்டத்தில் வல்லவரை வைத்திருக்கும் அணிகள், வெற்றி கைதவறிவிடும் என்ற பயத்தில் முன்வந்து இழுக்க வேண்டியிருக்கிறது. முந்திய குழுவில் ஆள் வைத்திருக்கும் அணி துரத்தாது. தன் ஆளைத் தானே பிடிக்கக்கூடாது என்பது இந்த விளையாட்டின் எழுதாத விதி. பின்னால் வரப்போகும் கதைகளில் பலவும் இந்த ஒரு விதியில்தான் முடிச்சிட்டிருக்கின்றன.

பக்கக்காற்று வீசும் நாளில் பேரமெல்லாம் முடிந்துபோகும். காற்று பக்கவாட்டில் வரும்போது மறைவு பின்னால் கிடைப்பதில்லை, சாய்வாகத்தான் கிடைக்கிறது. சாலையின் அகலம் எத்தனை பேருக்கு இடம் தருகிறதோ அத்தனை பேருக்குத்தான் மறைவு. மற்றவர்கள் ஓரத்தில் ஒற்றை வரிசையாக நின்று காற்றில் கரைகிறார்கள், கூட்டம் துண்டுதுண்டாகிறது. 2013 டூரின் 13ஆம் கட்டத்தில் மொத்தப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்த அலெஹாண்ட்ரோ வால்வெர்டேவுக்கு இத்தகைய வேளையில் சக்கரம் கெட்டது. அவரது அணியே திரும்பி நின்று இழுத்தும் சேர முடியவில்லை; ஏறக்குறைய பத்து நிமிடம் போயிற்று. அதே நாளில் கடைசி முப்பது கிலோமீட்டரில் ஆல்பெர்டோ கோன்டடோரின் அணி ஒன்றாக எழுந்து வேகமெடுத்தது. மஞ்சள் ஜெர்சியில் இருந்த ஃப்ரூம் சில மீட்டர் தவறவிட்டார், விலை 1 நிமிடம் 9 விநாடி. மலையே இல்லாத நாள் அது.

மலையில் காற்றின் பங்கு குறைந்து புவியீர்ப்பின் பங்கு கூடுகிறது. ஆனாலும் துணை வீரருக்கு வேலை உண்டு. 2012 முதல் ஸ்கை அணி செய்தது போல, ஐந்தாறு பேர் வரிசையாக நின்று, எவரும் திடீரென்று தாக்க முடியாத அளவுக்கு உயர்ந்த ஒரே சீரான வேகத்தைப் பிடிக்கலாம். ஒருவர் ஓய்ந்ததும் அடுத்தவர். பார்ப்பதற்கு அலுப்பூட்டும் ஆட்டம்தான். ஆனால் 2012 முதல் 2019 வரையிலான எட்டு டூர்களில் ஏழை இந்த அணியின் நான்கு வீரர்கள் வென்றார்கள். மாற்றுத் தந்திரம், காலையிலேயே ஒரு துணை வீரரை முந்திச் செல்லும் குழுவோடு அனுப்பிவைப்பது. தலைவர் பிற்பகலில் எதிரிகளை விட்டுப் பிரியும்போது, அந்தத் துணை வீரர் மேலே காத்திருந்து சேர்ந்துகொள்வார்.

போட்டியாளர்கள் வேறு வேறு அணியில் இருக்கும்போது கணக்கு எளிது. 1964 டூரில் ஜாக் ஆங்கெத்தீலும் ரேமோன் பூலிதோரும் புய் த தோம் எரிமலைச் சரிவில் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஏறிய படம் பிரெஞ்சு விளையாட்டு நினைவில் பதிந்துபோனது. அந்த மோதலில் இருவருமே கட்டத்தை வெல்லவில்லை, வென்றவர் ஸ்பெயினின் ஹூலியோ ஹிமெனெஸ். கடைசிக் கிலோமீட்டரில் பூலிதோர் 42 விநாடி பறித்தார். ஆங்கெத்தீலிடம் 14 விநாடி எஞ்சியது, மஞ்சள் ஜெர்சியும் தங்கியது. பாரிஸில் இறுதி வித்தியாசம் 55 விநாடி. முன்னதாக மொனாக்கோவில் பூலிதோர், இன்னும் ஒரு சுற்று இருக்கிறது என்பதை மறந்து முன்கூட்டியே முடிவோட்டம் ஓடினார். உண்மையான முடிவில் ஆங்கெத்தீல் வென்று ஒரு நிமிட நேரக் கழிவைப் போனஸாக எடுத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிடத்தையும் இந்த 55 விநாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அந்த டூரை எழுத முடியாது. அன்று பூலிதோரின் அணியை நடத்தியவர் வியெத்தோவிடம் சக்கரம் வாங்கிய அதே அந்தோனன் மாஞ். எட்டு முறை முதல் மூவருக்குள் வந்த பூலிதோர், மஞ்சள் ஜெர்சியை ஒரு நாள்கூட அணிந்ததில்லை. 2021இல் அவர் பேரன் மதியூ வான் டெர் பூல் அணிந்தார்.

எதிரி சொந்த அணிக்குள்ளேயே இருந்தால் கதை சிக்கலாகிறது. ஃபாவுஸ்தோ கொப்பியும் ஜினோ பர்தாலியும் 1948 உலகப் போட்டியில் ஒரே இத்தாலிய அணியில் ஓட்டி, ஒருவர் வெல்வதை மற்றவர் தடுப்பதே போதும் என்று இருந்து, இருவருமே பாதியில் விலகினார்கள். சொந்த நாட்டுக் கூட்டமைப்பே அவர்களைத் தண்டித்தது. மறு ஆண்டு டூருக்கு அவர்களை ஒரே அணியில் சேர்த்துக் கொண்டுபோன இயக்குநர் ஆல்ஃப்ரெதோ பிந்தா, முதல் மலைத்தொடர் வருமுன்னரே கொப்பி விலகிப் போக இருந்ததைச் சமாளித்தார். இறுதியில் கொப்பி முதல், பர்தாலி இரண்டாவது. நல்ல அணி இயக்குநரின் திறமை வரைபடம் படிப்பதைவிடப் பஞ்சாயத்து பேசுவதில்தான் தெரியும் என்பதற்கு அந்த டூர் சான்று.

இந்த வகையின் முழுமையான எடுத்துக்காட்டு லா வீ க்ளேர் அணி. தொழிலதிபர் பெர்னார் தாப்பியின் பணம், சுவிட்சர்லாந்தின் பால் கோக்லியின் பயிற்சி, இரண்டு தலைவர்கள்: நான்கு டூர்களை வென்றிருந்த பெர்னார் ஈனோ, இளம் அமெரிக்கர் லெமாண்ட். 1985இல் ஈனோ சான்த்-எத்தியேனில் விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டார். பைரனீஸில் அவர் தடுமாறிய நாளில் லெமாண்ட், எதிரணியின் ஸ்டீபன் ரோச்சுடன் முன்னால் இருந்தார். அணிக் காரிலிருந்து வந்த உத்தரவு, ரோச்சுடன் சேர்ந்து இழுக்கக்கூடாது என்பது. ஈனோ கொஞ்சம்தான் பின்னால் வருகிறார் என்று தன்னிடம் சொல்லப்பட்டதாகவும், உண்மையில் இடைவெளி அதைவிட மிக அதிகம் என்றும் லெமாண்ட் பிற்பாடு சொன்னார். ஈனோ 1 நிமிடம் 42 விநாடி வித்தியாசத்தில் ஐந்தாவது டூரை வென்றார். அடுத்த ஆண்டு லெமாண்டுக்காக ஓட்டுவேன் என்று வெளிப்படையாக வாக்குக் கொடுத்தார்.

1986இல் அந்த வாக்கு 12ஆம் கட்டம் வரை தாங்கியது. பாவ் நகரம் நோக்கிய சாலையில் ஈனோ, எதிரணியின் பெத்ரோ தெல்காதோவுடன் முந்திச் சென்றார். லெமாண்டால் துரத்த முடியவில்லை. முன்னே போவது சொந்த அணித்தோழர். மேலே சொன்ன எழுதாத விதி இங்கே கழுத்துக்குக் கயிறாகிறது. கட்டத்தைத் தெல்காதோ எடுத்துக்கொண்டார், மஞ்சள் ஜெர்சியை ஈனோ. லெமாண்டுக்கும் அவருக்கும் இடையே 5 நிமிடம் 25 விநாடி. மறுநாளும் ஈனோ தூர்மலே கணவாயின் இறக்கத்தில் தனியே பாய்ந்தார். ஐந்து நிமிடம் கையிலிருக்கும் ஒருவருக்கு இது தேவையற்ற சூதாட்டம். அவர் தோற்க ஆரம்பித்த இடம் இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது. பிடிபட்டு, கடைசி ஏற்றமான சூப்பர்பாஞ்ஞேரில் தளர்ந்துபோனார். லெமாண்ட் அங்கே கட்டத்தை வென்றார், இடைவெளி 40 விநாடியாகச் சுருங்கியது. ஆல்ப்ஸில் கிரனோன் கணவாயில் ஈனோ பின்தங்க, லெமாண்ட் முதன்முறையாக மஞ்சள் அணிந்தார். அணி இரண்டாகப் பிளந்திருந்தது. அமெரிக்கர் ஆன்டி ஹாம்ப்ஸ்டனும் கனடாவின் ஸ்டீவ் பாவரும் ஒரு பக்கம். பிரெஞ்சு வீரர்கள் பெரும்பாலும் மறுபக்கம்.

மறுநாள் கலிபியே கணவாயின் இறக்கத்தில் ஈனோ மீண்டும் தாக்கினார். லெமாண்ட் அவரை எட்டிப் பிடித்தார். இருவரும் க்ருவா த ஃபேர் கணவாயைக் கடந்து, ஆல்ப் துவேஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளையும் சேர்ந்தே ஏறி, மேலே தோளில் கைபோட்டுக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். கட்ட வெற்றி ஈனோவுக்கு விடப்பட்டது. மொத்தப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்த சுவிஸ் வீரர் ஊர்ஸ் சிம்மர்மான் ஐந்து நிமிடத்துக்கும் மேல் பிந்தி வந்தார். புகைப்படத்தில் அது நட்பின் உச்சம். நேரப் பட்டியலில் ஓர் அணி தன் உட்சண்டையாலேயே வெளி எதிரிகள் அனைவரையும் துடைத்தெறிந்த நாள். தன்னுடைய தாக்குதல்கள் எல்லாம் எதிரிகளைக் களைப்பாக்கி லெமாண்டுக்கு வழி செய்யத்தான் என்று ஈனோ தொடர்ந்து சொல்லிவருகிறார். முதல் தாக்குதலுக்கு அந்த விளக்கம் பொருந்தலாம்; தூர்மலேக்குப் பொருந்தாது. பாரிஸில் லெமாண்ட் 3 நிமிடம் 10 விநாடியில் வென்றார், அமெரிக்கர் ஒருவர் வென்ற முதல் டூர்.

ஓராண்டு கழித்து இத்தாலியில் இதே கதை கசப்பு முற்றி நடந்தது. 1987 ஜீரோவில் கரேரா அணியின் இத்தாலிய நட்சத்திரம் ரொபேர்தோ விசென்தினி முந்தைய ஆண்டின் வெற்றியாளர். முன்னிலைக்குரிய இளஞ்சிவப்புச் சட்டையும் அவரிடமே. அதே அணியின் அயர்லாந்து வீரர் ரோச், சப்பாதா செல்லும் வழியில் ஓர் இறக்கத்தில் முந்தினார். நிறுத்தச் சொன்ன உத்தரவை ரோச் மதிக்கவில்லை. அணியின் மற்ற வீரர்கள் சொந்தத் தோழரைத் துரத்தினார்கள். எழுதாத விதி இம்முறை மேலிடத்து ஆணையாலேயே உடைந்தது. விசென்தினி களைத்து ஏறக்குறைய ஆறு நிமிடம் இழந்தார். இளஞ்சிவப்புச் சட்டை ரோச்சுக்கு மாறியது. அடுத்த நாள்களில் இத்தாலிய ரசிகர்களின் வசவுக்கும் எச்சிலுக்கும் நடுவே ரோச்சுக்குத் துணைநின்றவர்கள் சொந்த அணியில் பெல்ஜியத்தின் எட்டி ஷேப்பர்ஸ் ஒருவர், எதிரணியிலிருந்து ஸ்காட்லாந்தின் ராபர்ட் மில்லர் ஒருவர். ரோச் அந்த ஜீரோவையும், அதே ஆண்டின் டூரையும், உலகப் பட்டத்தையும் வென்றார்.

காதில் ரேடியோ வந்தபின் இத்தகைய கலகம் அரிதாகிவிட்டது. 2012இல் லா துஸ்ஸுயீர் ஏற்றத்தில் ஃப்ரூம் வேகம் எடுத்தபோது, மஞ்சள் ஜெர்சியில் இருந்த ஸ்கை அணித்தோழர் பிராட்லி விக்கின்ஸ் பின்தங்கினார். ரேடியோவில் சில சொற்கள் வந்தன, ஃப்ரூம் காத்திருந்தார். விக்கின்ஸ் 3 நிமிடம் 21 விநாடியில் ஃப்ரூமை இரண்டாமவராக்கி டூரை வென்றார். தலைவர்கள் பலர் இருந்தால் பலம் தானாக வந்துவிடாது. 2018 டூருக்கு மோவிஸ்டார் அணி வால்வெர்டே, நைரோ கின்டானா, மிக்கேல் லாண்டா என மூவரைக் கொண்டுவந்தது. மூவரில் எவரும் முதல் மூவருக்குள் வரவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் அணியின் சிறந்த மூவர் நேரத்தைக் கூட்டித் தரப்படும் அணிப் பரிசு மட்டும் அவர்களுக்குக் கிடைத்தது.

இரண்டு தலைவர்களைச் சரியாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதை அதே கிரனோன் கணவாய் 36 ஆண்டுகள் கழித்துக் காட்டியது. 1986க்குப் பின் டூர் அங்கே திரும்பியது 2022 ஜூலையில்தான். முந்தைய இரண்டு டூர்களையும் வென்ற ஸ்லோவேனியாவின் தாதேய் பொகாச்சர் மஞ்சள் ஜெர்சியில் இருந்தார். அவர் அணியில் இருவர் கோவிடால் ஏற்கெனவே வெளியேறியிருந்தனர். யும்போ-விஸ்மா அணியின் ப்ரிமோஷ் ரோக்லிச் ஐந்தாம் கட்டத்தில் விழுந்து நேரம் இழந்திருந்தாலும், விட்டுவிட முடியாத ஆள். கலிபியே ஏற்றத்தில் ரோக்லிச் தாக்கினார், பொகாச்சர் பிடித்தார், ரோக்லிச்சின் அணித்தோழர் யோனாஸ் விங்கேகோர் தாக்கினார், மறுபடி பிடித்தார், மறுபடி ரோக்லிச். இருவரில் எவரையும் போகவிட முடியாத நிலையில் பொகாச்சர் ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொன்னார், துணைக்கு ஆளில்லை. கலிபியேயில் அவர் தளரவில்லை, புன்னகைகூடச் செய்தார். கணக்குத் தீர்ந்தது சராசரி 9 சதவீதச் சரிவுள்ள கிரனோனில். விங்கேகோர் ஐந்து கிலோமீட்டருக்குக் குறைவாக இருக்கையில் பிரிந்தார். பொகாச்சர் அவரிடம் 2 நிமிடம் 51 விநாடி இழந்தார். ரோக்லிச் அன்று பல நிமிடம் பின்தங்கி வந்தார், ஆனால் அந்த நாளை அவரில்லாமல் விளக்க முடியாது. ஒரு வாரம் கழித்து ஓத்தகாம் ஏற்றத்தில், காலையிலேயே முந்திச் சென்றிருந்த வவுட் வான் ஆர்ட் புள்ளிகளுக்கான பச்சை ஜெர்சியோடு பின்வாங்கி வந்து, விங்கேகோருக்கு முன்னால் நின்று இழுத்தார். அந்த வேகத்தில் பொகாச்சர் கழன்றார். முந்திய குழுவில் ஆள் அனுப்பிவைக்கும் தந்திரத்துக்கு இதைவிடத் தெளிவான பாடம் அரிது.

இதே அணிக்கு மறு ஆண்டு வந்த சோதனை வேறு மாதிரி. 2023இல் ஜீரோவை ரோக்லிச்சும் டூரை விங்கேகோரும் வென்றார்கள். இரண்டிலும் மலையில் துணைநின்றவர் அமெரிக்கர் செப் குஸ். அந்த ஆண்டின் மூன்றாவது பெரும் பந்தயமான வுயெல்டாவில் குஸ் ஆறாம் கட்டத்தில் முந்திய குழுவோடு போய் வென்று, எட்டாம் கட்டத்துக்குள் முன்னிலைக்குரிய சிவப்புச் சட்டையை எடுத்துக்கொண்டார். இரண்டு தலைவர்களும் பின்னால் இருந்தார்கள், ஆனால் வேகம் குறையவில்லை. அங்லிருவின் செங்குத்துச் சரிவில் ரோக்லிச்சும் விங்கேகோரும் குஸ்ஸை விட்டுவிட்டு ஏறிப் போனார்கள். எதிரணியின் லாண்டாவின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வந்த குஸ்ஸிடம் எட்டே விநாடி மிஞ்சியது. ஆண்டு முழுதும் உழைத்தவரை முதுகில் குத்துகிறார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். வலுவானவர் வெல்லட்டும் என்ற எதிர்வாதமும் இருந்தது. பந்தயம் என்ற அளவில் எதிர்வாதத்துக்கே நியாயம் அதிகம். அணி என்ற அளவில் ரசிகர்களுக்கு. அணி அன்றிரவு பேசி முடிவெடுத்தது. அடுத்த நாள்களில் இருவரும் குஸ்ஸுக்காக ஓட்டினார்கள். மத்ரீதில் குஸ் முதல், 17 விநாடியில் விங்கேகோர், 1 நிமிடம் 8 விநாடியில் ரோக்லிச். ஒரே ஆண்டில் மூன்று பெரும் பந்தயங்களையும் ஓர் அணி வென்றது அதுவே முதல் முறை.

ரோக்லிச் அந்த ஆண்டு முடிவில் அணியை விட்டு விலகி ஜெர்மனியின் போரா அணிக்குத் தனித் தலைவராகப் போனார். 2024 வுயெல்டாவை அங்கிருந்து வென்றார்.